கபடியில் திரும்பிய முட்டி: 5 வாரமாகியும் வீக்கம் வடியவில்லை

கேள்வி: தம்பிக்கு வயது 22. ரெய்டு போனபோது முட்டி திரும்பிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. ஓய்வெடுத்தால் வீக்கம் குறைகிறது, ஓடினால் மறுநாளே ஏறுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: அடிபட்ட 2 மணி நேரத்துக்குள் வீங்கியதா, மறுநாள்தானா? உடனே வீங்கியிருந்தால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்திருக்கும். முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல், முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் நார்) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மறுநாள் என்றால் மெனிஸ்கஸ் எனும் ஜவ்வு (அந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்ததா என்று சந்தேகப்படலாம். இரண்டுமே எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு மருத்துவர் முட்டியை அசைத்துப் பார்த்து, தேவையென்றால் எம்ஆர்ஐ எழுதுவார். அதுவரை ஓட்டம் வேண்டாம். வீக்கத்துக்குக் காரணமான, மூட்டில் சேரும் நீரை ஊசியால் எடுத்தாலும் காரணம் தீராவிட்டால் திரும்பச் சேரும்.

பதில் 2: அண்ணா சொன்னது சரி. கூடவே தொடையையும் கவனிங்க. மூட்டில் நீர் நின்றாலே முன்தொடைத் தசை சரியா இறுகாது, சூம்பிப் போகும். காலை நீட்டி, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடிக்கணும். 10 தடவை, தினம் 3 வேளை. ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது, கட்டு போட்டு மாசக்கணக்கில் மடக்காமல் வைப்பது ரெண்டும் கூடாது, மூட்டு இறுகிடும்.

தினமும் காலையில் முட்டிச்சில்லின் நடுவில் டேப் வைத்து அளந்து எழுதுங்க. 1 செ.மீ. கூடினால் முந்தின நாள் வேலை அதிகம்.

பதில் 3: முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டாலோ, காய்ச்சலோடு சிவந்து சுட்டாலோ, கெண்டைக்கால் வீங்கினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.