புதுப்பிப்பு: டியூட்டி முடிந்து எழுதும் நோட்டு

வார்டில் நடந்ததை வீட்டுக்கு வந்து எழுதினால் நம்மையே புரிந்துகொள்ள உதவுமா என்று முன்பு கேட்டிருந்தேன். நான் செவிலியர். நடந்த அனுபவத்தை அலசிப் பார்க்கக் கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த 6 படிகளைப் பலர் சொன்னீர்கள்: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், காரணம், வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன.

இப்போது தொடர்ந்து எழுதுகிறேன். ஆறில் இரண்டாவதுதான் கை தயங்கும் இடம். ‘நோயாளியின் மகன் கத்தினார்’ என்பது சட்டென்று வந்துவிடும். அடுத்த வரிக்கு நேரம் பிடித்தது. ‘கோபம்’ என்று எழுதி, அடித்து, ‘பயம்’ என்று எழுதினேன். அந்த ஒரு சொல் மாறியதும் மீதிப் படிகளும் மாறின. இப்போது யாராவது குரலை உயர்த்தினால், முதலில் உட்காரச் சொல்லி, என்ன சிகிச்சை நடக்கிறது என்று விளக்குகிறேன். பெரும்பாலும் அவர்களுக்கும் பயம்தான்.

எழுதினால் பாரம் கூடுகிறதே என்று கேட்ட தங்கைக்கு: உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தினம் 15 நிமிடமாக 4 நாள் தங்கள் துயரங்களை எழுதினார்கள். எழுதிய கையோடு மனம் கனத்தது உண்மை. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆனால் ஒரே துயரம் முன்னகராமல் நோட்டில் சுற்றிக்கொண்டே இருந்தால், பேனாவை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம், பேசிவிடுங்கள்.

இன்னொன்று, நோயாளியின் பெயரும் படுக்கை எண்ணும் நோட்டில் வேண்டவே வேண்டாம்.