மறு: 'சிலந்தியுண்ணி' வேண்டாம், உணவுக்கு ஒரு சொல், வேட்டைக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

மற்றச் சிலந்திகளைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளுக்குப் பாடப்புத்தகத் தமிழ்ச்சொல் தேடும் இந்தத் தொடரில் சேர் முன்வைத்த 'சிலந்தியுண்ணி' இலக்கணப்படி சரிதான், தாவரவுண்ணி, ஊனுண்ணி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் வரிசையில் பொருந்தியும் போகிறது. ஆனாலும் நான் எதிர்க்கிறேன். ஹற்றன் பக்கத்தில் உயர்தர வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினால், நாயின் காதில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்குமே, அந்த உண்ணியில் ஒரு வகை என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். உண்ணியும் சிலந்தியும் ஒரே வகுப்பு என்பதால் குழப்பம் இன்னும் கூடும். போதாததற்குத் தேயிலை இலையைக் கெடுக்கும் 'சிவப்புச் சிலந்தி' வேறு இருக்கிறது, அது சிலந்தியே இல்லை, உண்ணிக்குச் சொந்தக்காரன்.

எறும்புதின்னி, பழந்தின்னி, பிணந்தின்னி எல்லாம் யாரும் விளக்காமலே விளங்குகிற சொற்கள். அந்த வழியில் 'சிலந்திதின்னி' என்றே வைப்போம். 'தின்னி' கொச்சை என்று அக்கா தயங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை, பாடப்புத்தகத்தில் ஏறினால் அதுவும் பாடச்சொல்தான். அவர் சொன்ன 'தன்னினந்தின்னி' இங்கே பொருந்தாது. இவை பிடிப்பது பெரும்பாலும் வேறு இனச் சிலந்திகளை.

இனி முக்கியமான விஷயம். என்ன தின்கிறது என்பதும் எப்படிப் பிடிக்கிறது என்பதும் வேறு வேறு, இந்தத் தொடரில் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணிக்கப் பார்க்கிறோம். நம் இலங்கையிலும் இருக்கும் போர்ஷியா லேபியாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். தாவும் சிலந்திக் குடும்பம், ஒரு சென்ரிமீற்றர்கூட வராது, உடம்பெல்லாம் மயிர்க்கற்றை, அசையாமல் இருந்தால் வலையில் சிக்கிய காய்ந்த சருகுத் துண்டு. அது அடுத்தவன் வலையின் ஓரத்தில் ஏறி நின்று, கால்களாலும் வாயருகே இருக்கும் இரண்டு சிறு உறுப்புகளாலும் இழையை மெல்ல அசைக்கும். வலைக்காரச் சிலந்திக்குக் கண் மங்கல், நூலில் வரும் அதிர்வுதான் அதற்கு உலகம். பூச்சி மாட்டிவிட்டது என்று நம்பி அது தானாகவே கிட்ட வரும். வராவிட்டால் போர்ஷியா தாளத்தை மாற்றும், மாற்றி மாற்றிப் பார்த்து, எதற்கு அது அசைகிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்யும். காற்று வலையை ஆட்டும் நேரம் பார்த்து முன்னேறுவதும் உண்டு, தன் காலடி அதிர்வு அதில் மறைந்துவிடும். நியூசிலாந்தின் ரொபர்ட் ஜாக்சனும் அவரோடு வேலை செய்தவர்களும் பல வருடங்கள் கூர்ந்து பார்த்து எழுதியவை இவை.

இந்தச் செயலுக்கு 'வலைமீட்டல்' என்று முன்மொழிகிறேன். வீணை மீட்டுவது போலத்தான், ஒவ்வொரு இழையும் கேட்பவனுக்காகவே அதிர்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் 'மீட்டல்' என்றால் பரீட்சைக்குப் பாடத்தைத் திரும்பப் படிப்பது, அது தெரியும், ஆனால் முன்னால் 'வலை' வந்துவிட்டால் யாருக்கும் அந்த நினைப்பு வராது. 'வலைசுண்டல்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சுண்டுவது ஒரு தடவை விரலால் தட்டிவிடுவது, மேற்சொன்ன பொறுமையெல்லாம் அதில் இல்லை.

இரண்டையும் ஏன் பிரிக்கவேண்டும்? பல்பிமானஸ் என்ற சிலந்தியும் சிலந்திதின்னிதான், ஆனால் அது எந்த இழையையும் மீட்டுவதில்லை. தடித்த முன்கால்களில் உள்ள ஒட்டும் மயிர்களால் இரையை இறுக்கிப் பிடிக்கும், கடி வாங்கினாலும் தாங்கும் கெட்டியான தோல் அதற்கு. போர்ஷியாவே எல்லா இரையிடமும் ஒரே வித்தையைக் காட்டுவதில்லை. பிலிப்பைன்ஸில் பசை துப்பும் சிலந்தி ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் போனால் ஒட்டிக்கொண்டு சாகவேண்டியதுதான், அதனால் அங்குள்ள போர்ஷியா சுற்றிவளைத்துப் பின்பக்கமாக வரும். அதுவே அந்தத் தாய்ச் சிலந்தி வாயில் முட்டைகளைக் கவ்வியிருந்தால், துப்புவதற்கு முட்டையைக் கீழே போடவேண்டும், எளிதில் போடாது, அப்போது போர்ஷியா நேருக்கு நேர் போய்விடுகிறது! இத்தனை முறைகள் இருக்கும்போது உணவின் பெயரை வைத்து வேட்டையைச் சொல்லவே முடியாது.

ஆங்கிலத்தின் aggressive mimicry என்பதற்குப் பொதுச்சொல்லாக வந்த 'ஆக்கிரமிப்புப் போலிமை'யை விட்டுவிடலாம். ஆக்கிரமிப்பு என்றால் நமக்குக் காணி பிடிப்பது. இரையை ஏமாற்றி வரவைக்கும் எல்லாவற்றுக்கும் 'வேட்டைப் பாசாங்கு' போதும், வேறு இனத்தின் ஒளிச் சைகையைப் போலச் செய்து ஆண்களை வரவழைத்துத் தின்னும் ஃபோட்டூரிஸ் மின்மினிக்கும் அது சரியாக இருக்கும். அதற்குள் வலைமீட்டல் ஒரு வகை.

பெரிய சிலந்தியின் வலையில் தங்கி அதன் இரையைத் திருடும் ஆர்ஜிரோடிஸ் என்ற சிலந்தியையும் சேர் இதே தலைப்பில் சேர்த்திருக்கிறார். அது சில சமயம் வலைக்காரனையே தின்றாலும் அடிப்படைப் பிழைப்பு திருட்டுத்தான், அதைத் தனித் தொடரில் பேசுவோம். சிலந்திதின்னி, வலைமீட்டல், வேட்டைப் பாசாங்கு, மூன்றுக்கும் ஆட்சேபனை இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.