யூரோவிஷன் 2023 ஃபின்லாந்து பாட்டை மேடையேத்தணும்: பச்சைக் கை நிக்க மாட்டேங்குது

இரணியல்_பச்சை

மக்களே, செப்டம்பர்ல வாலிபர் சங்க ஆண்டு விழா. ஐரோப்பிய நாடுகளோட பாட்டுப் போட்டியான யூரோவிஷன் 2023ல ஃபின்லாந்துக்காக காரியா பாடின ‘சா சா சா’வை முழுசா மேடையேத்தப் போறோம். பாடுறதுக்கு ஒருத்தர், இளஞ்சிவப்பு டிரெஸ்ல ஆடுறதுக்கு நாலு பேர். டிக்கெட் கிடையாது, ஊர்க்காரங்க மட்டும்.

மூணு இடத்துல முட்டிக்கிட்டு நிக்கு. அவர் மேடையில போட்ட பச்சை மேல்சட்டையோட கை பந்து மாதிரி உப்பி நிக்கணும். சாட்டின்ல தச்சு உள்ள பஞ்சு அடைச்சாச்சு, ஆனா கையைத் தூக்கினதும் பஞ்சு மொத்தமும் அக்குள் பக்கம் இறங்கிருது. ரெண்டாவது, ஃபின்னிஷ் வரிகளைத் தமிழ் எழுத்துல எழுதிப் படிச்சா மூலத்தோட ஒட்டவே மாட்டேங்குது. மூணாவது, பாட்டு தொடங்கும்போது அவர் வெளிய வர்ற மரப்பெட்டி. மேடை 20 அடி அகலம், 14 அடி ஆழம். தெரிஞ்சவங்க அளவோட சொல்லுங்க.

தையல்_தக்கலை

பஞ்சை மொத்தமா வெளிய எடுத்துருங்க. பஞ்சு கனம், வேர்வை குடிக்கும், இறங்கத்தான் செய்யும். ஸ்பாஞ்ச் வச்சாலும் முழங்கை மடங்காது. உப்பல் வர்றது அடைக்கிற பொருள்ல இல்ல, உள்துணியும் வெளித்துணியும் வேற வேற நீளத்துல இருக்கிறதுலயாக்கும்.

ஒரு கைக்கு அளவு: வெளிய நியான் பச்சை சாட்டின் 40 இஞ்ச் அகலம், 20 இஞ்ச் நீளம். உள்ள காடாத் துணி 18 இஞ்ச் அகலம், 10 இஞ்ச் நீளம். வெளித்துணியோட மேல் ஓரம், கீழ் ஓரம் ரெண்டையும் சுருக்கி, உள்துணியோட 18 இஞ்ச்சுக்குக் கொண்டு வந்து சேர்த்துத் தைக்கணும். 20 இஞ்ச் துணி 10 இஞ்ச் இடத்துக்குள்ள மாட்டிக்கிட்டதுனால அதுக்கு வெளிய உப்புறதைத் தவிர வேற வழி கிடையாது. உள்துணி கையோட ஒட்டி நிக்குறதால கை தூக்கினாலும் உப்பல் இடம் மாறாது.

அந்த உப்பல் அமுங்காம இருக்க கேன்கேன் நெட், அதாவது பாவாடை விரிஞ்சு நிக்க உள்ள தைக்கிற விறைப்பான வலைத்துணி. 60 இஞ்ச் அகலத்துல ஒண்ணேகால் மீட்டர் ரெண்டு கைக்கும் போதும். 5 இஞ்ச் பட்டையா குறுக்கே வெட்டினா எட்டுப் பட்டை கிடைக்கும், 40 இஞ்ச்லயே முடிஞ்சிரும். கைக்கு நாலு. ஒவ்வொண்ணையும் 18 இஞ்ச்சுக்குச் சுருக்கி, உள்துணியோட வெளிப்பக்கத்துல ரெண்டு இஞ்ச் இடைவெளியில வரிசையா தைங்க. நெட் சாட்டினுக்கும் காடாவுக்கும் நடுவுல தான் இருக்கணும். தோல்ல பட்டா சொறியும், பாடுறவருக்குக் கவனம் போயிரும்.

சுருக்குறதுக்கு மெஷின்ல தையல் நீளத்தைக் கடைசி அளவுக்கு வச்சு கால் இஞ்ச் இடைவெளியில ரெண்டு வரி ஓட்டுங்க. ரெண்டு பாபின் நூலையும் சேர்த்து இழுக்கணும். ஒரே வரின்னா பாதியில நூல் அறுந்து மொத்தமும் அவுந்துரும். சாட்டினுக்கு 11ஆம் நம்பர் ஊசி. 14 போட்டா இழை இழுபட்டு கோடு விழும், வெளிச்சத்துல அது பளிச்சுன்னு தெரியும். அயர்ன் பண்ணும்போது பின்பக்கம், குறைஞ்ச சூட்டுல. சூடு கூடினா துணி கண்ணாடி மாதிரி மினுங்கி நாசமாயிரும்.

கீழ் ஓரத்துல 1 இஞ்ச் எலாஸ்டிக். முழங்கைக்கு மேல நிறுத்திட்டா மைக் பிடிக்கச் சுலபம். உடம்புப் பகுதி நெஞ்சை மூடாத சின்ன பொலேரோ தான், அதுக்கு ஒரு மீட்டர். ரெண்டு கைக்கும் சேர்த்து ஒரு மீட்டரும் கொஞ்சமும். மொத்தம் 44 இஞ்ச் பன்னாவுல (துணி அகலம்) இரண்டேகால் மீட்டர் வாங்கினா தாராளம். மூலத்துல பொலேரோவுக்கு உள்ளே சட்டை கிடையாது. ஊர் மேடைக்கு கறுப்பு பனியன் போட்டா பச்சை இன்னும் எடுப்பாவே இருக்கும்.

ஒண்ணு மறந்துராதீங்க: நியான் சாயம் ஒளிர்றது நீலமும் புற ஊதாவும் கலந்த வெளிச்சத்துல தான். மேடையில மஞ்சள் ஹாலஜன் மட்டும் இருந்தா அது வெறும் வாழையிலைப் பச்சையா போயிரும். லைட் போடுறவர்கிட்ட குளிர் வெள்ளை எல்.இ.டி. கேளுங்க. பர்ப்பிள் பார் லைட் ரெண்டு முன்னால கிடைச்சா ரொம்ப நல்லது.

குழித்துறை_மெட்டு

முதல்ல பேரு. அவர் ‘காரியா’ இல்ல. முதல் உயிர் நெடில், ஆனா ஆகாரம் கிடையாது. கிரிக்கெட் ‘பேட்’டுன்னு சொல்லும்போது ஏயும் இல்லாம ஆவும் இல்லாம ஒரு ஒலி வருமே, அதை நீட்டணும். எழுதும்போது ‘கேரியா’ன்னு எழுதி, வாயை அகலத் திறந்து சொல்லிக்கிடுங்க. சுற்றுறவர், பொதியிறவர்னு அர்த்தம்.

பாட்டோட பேரையும் பேனர்ல ‘சா’ன்னு அடிச்சுராதீங்க. நம்ம ஆட்கள் ‘ஸா’ன்னு படிப்பாங்க, போதாததுக்கு தமிழ்ல அதுக்கு வேற அர்த்தமும் இருக்கு. ‘ச்சா ச்சா ச்சா’.

ஃபின்னிஷ் நம்ம வாய்க்கு இங்கிலீஷை விடச் சுலபம். குறில் நெடில், ஒற்று ரெண்டுமே அங்கேயும் பொருளை மாத்தும். துலி தீ, தூலி காற்று, துல்லி சுங்கம். இந்த வேறுபாடு நமக்குப் பிறவியிலேயே இருக்கு. அழுத்தம் எப்பவும் சொல்லோட முதல் அசையில. ரகரம் நாக்கு நல்லா அடிக்கணும்.

நீங்க வழுக்குற இடம் எதுன்னா க, த, ப. தமிழ்ல இது சொல்லுக்கு நடுவுல தனியா வந்தா தானா மெலிஞ்சிரும். ஃபின்னிஷ்ல மெலியாது. ‘யார்’ங்கிற சொல்லை ‘குக’ன்னு எழுதினா நம்மவர் ‘குஹ’ன்னு படிப்பார். சரி, ஒற்று போடுவோம்னு ‘குக்க’ன்னு எழுதினா அது ‘பூ’ ஆயிரும். ஆகவே சொல்லுக்கு நடுவுல தனி க, த, ப வர்ற இடத்துல எல்லாம் ஒரு கோடு போடுங்க: கு-க. கோட்டுக்குப் பிறகு வர்ற எழுத்தை நாம சொல்முதல் மாதிரி வல்லெழுத்தாவே படிப்போம். ஆனா கோட்டுல நிறுத்தக் கூடாது, ஒரே மூச்சு. விளவங்கோடு பக்கத்து ஆட்கள்ல மலையாளம் எழுதத் தெரிஞ்சவங்க இருந்தா அவங்க அந்த எழுத்துலயே எழுதிக்கிடலாம், அதுல க-வுக்கும் மெலிஞ்ச க-வுக்கும் தனித்தனி எழுத்து உண்டு.

இன்னும் ரெண்டு உயிர்: ‘இ’ சொல்லிக்கிட்டே உதட்டை ‘உ’ மாதிரி குவிச்சா ஒண்ணு, ‘எ’ சொல்லிக்கிட்டே குவிச்சா இன்னொண்ணு. நாக்கு நகரக் கூடாது, உதடு மட்டும்.

ராப் பகுதியை முதல் நாலு நாள் தாளமில்லாம, பாதி வேகத்துல பேச்சா படிங்க. வேகத்தோட தொடங்கினா நெடில் எல்லாம் குறிலாயிரும், அப்புறம் திருத்த முடியாது.

இரணியல்_பச்சை

@தையல்_தக்கலை அக்கா, @குழித்துறை_மெட்டு அண்ணே, ரெண்டையும் பிரிண்ட் எடுத்தாச்சு. பேனரும் நல்லவேளை இன்னும் அடிக்கல்ல. ஆட்டத்துல ஒரு சந்தேகம்: பின்பகுதியில ராப் போய் இனிப்பான மெட்டு வருதுல்லா, அங்க அவர் சிரிச்சுக்கிட்டே பாடணுமா?

குழித்துறை_மெட்டு

ஆமா, முழு மனசோட. முதல் பகுதியில பெட்டிக்குள்ள அடைபட்டவன், உடம்பு இறுகி, தோள் தூக்கி, பாதம் அகட்டி. மெட்டு மாறுற அந்த அடியில தோள் கீழ இறங்கணும், முகம் திறக்கணும். வாரம் முழுக்க உழைச்ச ஒருத்தன் கூச்சத்தை விட்டுட்டு ஆடத் துணியிறது தான் பாட்டே. அதைக் கிண்டலா செஞ்சா வெறும் பச்சைச் சட்டை மட்டும் தான் மிஞ்சும். போட்டி நடந்த லிவர்பூல்ல நடுவர் புள்ளி சொல்லிக்கிட்டு இருக்கும்போதே அரங்கம் முழுக்க ‘ச்சா ச்சா ச்சா’ன்னு கத்தினது அந்த முகத்துக்காகத் தான். கேரியாவுக்கு நடுவர்கிட்ட 150, மக்கள்கிட்ட 376, மொத்தம் 526. ஸ்வீடனோட லோரீன் 583ல ஜெயிச்சாங்க. மக்கள் ஓட்டுல முதலிடம் இவருக்குத் தான், லோரீனுக்கு 243.

பீனா கொலாடாங்கிற ரம் கலந்த மது குடிக்கிற வரி இருக்கு. பாட்டோட பொருளைக் கமிட்டிகிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க. விழா அன்னைக்கு யாராவது மொழிபெயர்த்து வச்சு நிறுத்தச் சொன்னா பிள்ளைகளோட உழைப்பு வீணாப் போகும்.

ரீப்பர்_திங்கள்சந்தை

பெட்டிக்கு நம்ம ஊர் ரப்பர் மரம் போதும். பேக்கிங் பெட்டி செய்யிற பட்டறையில 2 இஞ்ச்சுக்கு 1 இஞ்ச் ரீப்பர் பட்டை கிடைக்கும். அளவு: அகலம் 4 அடி, ஆழம் 3 அடி, உயரம் ஆறரை. பட்டையைச் சட்டத்துல 1 இஞ்ச் இடைவெளி விட்டு அடிங்க, காத்தும் போகும், உள்ள இருந்து வர்ற வெளிச்சமும் கோடு கோடா தெரியும். புகை மெஷினைப் பெட்டிக்குள்ள வைக்கவே கூடாது, பின்னால வைங்க.

ஆணி வேண்டாம். ரப்பர் மரம் ஓரத்துல ஆணி இறங்கினா பிளந்துரும். முதல்ல 3 மில்லி துளை போட்டு ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ. முன்பலகையை மேல இருந்து விழ விடாதீங்க. ஆறரை அடிப் பலகை முன்னால சாஞ்சா 14 அடி மேடையில கிட்டத்தட்ட பாதியை அடைச்சிரும், ஆடுறவங்க அது மேல தான் கால் வைக்கணும். நடுவுல பிரிஞ்சு ரெண்டு பக்கமும் திறக்குற ரெட்டைக் கதவா செய்யுங்க, பக்கத்துக்கு மூணு கீல். தாழ்ப்பாளுக்குப் பதிலா அலமாரிக்குப் போடுற காந்தம் மேல ஒண்ணு கீழ ஒண்ணு. ஒரு உதையில திறக்கும், உள்ள ஆள் மாட்டிக்கிட மாட்டார்.

கதவு திறக்குற வழி மூணு அடியாவது வேணும். அந்தக் கை ஒவ்வொண்ணும் பக்கத்துக்கு எவ்வளவு தள்ளி நிக்குன்னு சட்டையைப் போட்டுட்டே அளந்து பாருங்க. கீல்ல சாட்டின் மாட்டினா கிழியும், அதனால உள்பக்கத்து ஸ்க்ரூ முனை எல்லாத்தையும் தேய்ச்சுருங்க. பின்பக்க ரெண்டு கால்லயும் 10 கிலோ மணல் மூட்டை ஒவ்வொண்ணு. இல்லேன்னா உதைக்கிற உதையில பெட்டி நகரும்.

மைக்செட்_கருங்கல்

கரோக்கியைப் போன்ல இருந்து ஓட்டுறதா இருந்தா ஏரோப்ளேன் மோடு. நடுவுல கால் வந்தா பாட்டு நின்னுரும். பென்டிரைவ்ல ஒரு நகல், மிக்சர்காரர் கையில. பாட்டு மூணு நிமிஷத்துக்குள்ள தான், போட்டி விதியே அது. ஆகவே நடுவுல திருத்த நேரம் கிடையாது.

பெட்டிக்குள்ள இருக்கும்போது மைக் ஆஃப்ல இருக்கட்டும். ஸ்பீக்கர் ரெண்டும் பெட்டியை விட நாலடி முன்னால. வேர்வையில கை வழுக்கும், மைக்ல ஒரு சுத்து துணி டேப் ஒட்டுங்க. அது பச்சையாவே கிடைக்கும்.