புதுப்பிப்பு: தொழில்நுட்ப ஆசிரியர் மாநாட்டுக்குப் போய் வந்தேன்

அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளியில் தொழில்நுட்பப் பாடம் எடுக்கிறேன், ஐடிஈஈஏ (ITEEA) என்ற சர்வதேசத் தொழில்நுட்ப, பொறியியல் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்குச் சொந்தச் செலவில் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாச்சு. போகச் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கண்காட்சி அரங்கை வேகமாகச் சுற்றி முடித்துவிட்டேன். முப்பரிமாண அச்சு இயந்திரம், ரோபோ பெட்டி எல்லாம் எங்கள் பள்ளி பட்ஜெட்டுக்கு எட்டாது.

ஆனால் ஆசிரியர்களே மேசை போட்டுத் தங்கள் பாடங்களைக் காட்டிய இடத்தைவிட்டு நகர மனமே வரவில்லை. அட்டையும் பசையும் வைத்துப் பாலம் கட்டி, எடை ஏற்றி, எங்கே உடைகிறது என்று பார்த்து, மறுபடி வடிவமைக்கிறார்கள். உடைந்த பாலத்துக்கும் மதிப்பெண் உண்டு! ஏன் உடைந்தது என்று மாணவர் விளக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாணவர் தொழில்நுட்பத்திலும் பொறியியலிலும் என்ன கற்க வேண்டும் என்று இந்தச் சங்கம் 2020-இல் வெளியிட்ட தரநிலைகளில் எட்டு நடைமுறைகள் உண்டு. அமைப்பாகச் சிந்திப்பது, கூடி வேலை செய்வது, அறம் பார்ப்பது ஆகியவற்றோடு நம்பிக்கை மனப்பான்மையும் அதில் ஒன்று. எந்த வடிவமைப்பையும் இன்னும் மேம்படுத்தலாம் என்ற நம்பிக்கை அது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

அப்புறம், செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு: முன்கூட்டியே பதிவு செய்யுங்கள், அறையைச் சக ஆசிரியரோடு பகிருங்கள். அடுத்த பருவத்தில் பாலப் பாடத்தை என் வகுப்பில் தொடங்குகிறேன்.