பி.பி.டி. முடித்தவர் இங்கிலாந்தில் எம்.எஸ்சி. படித்தால் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்ற முடியுமா?

கேள்வி (வைகைக்கரை)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பி.பி.டி. என்னும் பிசியோதெரபி இளநிலைப் பட்டமும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் முடித்து, எலும்பு முறிவு மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இங்கிலாந்தில் ‘அட்வான்ஸ்டு பிசியோதெரபி’ என்னும் ஓராண்டு எம்.எஸ்சி. படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதை முடித்தாலே அங்கு பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கலாம் என்று ஏஜென்ட் உறுதியாகச் சொல்கிறார். என் சீனியரோ, ‘ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்’ எனப்படும் இரண்டாண்டு எம்.எஸ்சி. படித்தால்தான் உரிமம் கிடைக்கும் என்கிறார். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் கல்விக் கடன் வாங்க வேண்டும் என்பதால், எது சரி என்று தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன். கணவரையும் சிறு வயது மகளையும் உடன் அழைத்துச் செல்ல இயலுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (பழைய மாணவன்)

சகோதரி, இருவர் சொன்னதும் உங்களுக்குப் பொருந்தாது. பிரிட்டனில் ‘பிசியோதெரபிஸ்ட்’ என்பது சட்டப் பாதுகாப்புப் பெற்ற பெயர், எச்.சி.பி.சி. என்னும் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் இல்லாதவர் அப்பெயரில் தொழில் செய்ய முடியாது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஓராண்டுப் படிப்பு, ஏற்கெனவே தகுதி பெற்றவர்கள் தங்கள் அறிவை ஆழப்படுத்திக்கொள்வதற்கானது. அதை முடிப்பதால் மட்டும் பதிவு கிடைத்துவிடாது. இரண்டாண்டுப் படிப்பு பதிவுக்கு வழிவிடும் என்பது உண்மை. ஆனால் அது வேறு துறையில் பட்டம் பெற்று இத்தொழிலுக்குப் புதிதாக வருவோருக்கானது என்பதால், பி.பி.டி. முடித்தவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் அதில் சேர்ப்பதில்லை.

எச்.சி.பி.சி.க்கு, வெளிநாட்டில் தகுதி பெற்றவர்களுக்கான பிரிவில், மதுரையிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதை ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. கல்லூரியிடமிருந்து விரிவான பாடத்திட்டத்தையும் கிளினிக்கல் பயிற்சி பெற்ற விவரங்களையும் இப்போதே கேட்டு வாங்கத் தொடங்குங்கள். அவை கைக்கு வர நாளாகும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் திறன் தேர்வில் மொத்தம் 7.0 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. எலும்பு, மூட்டுச் சிகிச்சையிலேயே நீங்கள் பணியாற்றி வந்திருப்பதால், நரம்பியல் நோயாளிகளையும் இதயம், நுரையீரல் நோயாளிகளையும் இன்டர்ன்ஷிப்பில் எங்கே, எவ்வாறு கவனித்தீர்கள் என்பதை விண்ணப்பத்தில் விரித்து எழுதுங்கள். 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.சி.பி.சி.யின் திருத்தப்பட்ட தகுதித் தரங்களை எழுதத் தொடங்கும் முன் முழுவதும் படித்துவிடுங்கள்.

மறுமொழி (வடக்கு இங்கிலாந்திலிருந்து)

மேலே உள்ளதை முழுமையாக ஆமோதிக்கிறேன். மாணவர் விசாவில், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. பதிவோடு வருபவர் அந்த 20 மணி நேரத்தையும் இத்துறையிலேயே செலவிட முடியும். பதிவின்றி வருபவர் உதவியாளர் பணியோ கடை வேலையோதான் தேட வேண்டியிருக்கும். கைப்பழக்கம் குறைந்துபோகும் அந்த ஓராண்டுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வேலை நேர்காணலுக்கும் இப்போதே ஆயத்தமாகுங்கள். நம் ஊரில் இடுப்புவலி என்று வருபவருக்கு ஐ.எஃப்.டி. என்னும் மின்சிகிச்சையும் அல்ட்ராசவுண்ட் என்னும் ஒலியலைச் சிகிச்சையும் வைப்பது வழக்கம். இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு 2016-இல் வெளியிட்ட இடுப்புவலி வழிகாட்டுதல், அவ்விரண்டையும் டென்ஸ் என்னும் இன்னொரு மின்சிகிச்சையையும் வழங்க வேண்டாம் என்றே கூறுகிறது. உடற்பயிற்சிக்கும், தம் நிலையை நோயாளியே புரிந்து சமாளிக்கச் செய்வதற்கும்தான் முதலிடம். மருத்துவரின் சீட்டு இல்லாமலே நோயாளிகள் நேரடியாக வரும் பிரிவுகள் பல இருப்பதால், இரு கால்களும் மரத்துப்போய்ச் சிறுநீர்க் கட்டுப்பாடும் இழந்த ஒருவரைக் கண்டால் என்ன செய்வீர்கள், யாரிடம் உடனே அனுப்புவீர்கள் என்பது போன்ற கேள்விகளுக்குத் தயங்காமல் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுமொழி (மூன்றாம் மாடி)

குடும்பம் பற்றி யாரும் சொல்லவில்லை. 2024 ஜனவரி முதல், ஆய்வுவழிப் படிப்பில் சேர்வோரைத் தவிர மற்ற எம்.எஸ்சி. மாணவர்கள் குடும்பத்தாரை அழைத்து வர முடியாது. பதிவு பெற்று, வேலை தரும் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப்போடு ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசாவில் வரும் பிசியோதெரபிஸ்ட் அழைத்து வரலாம். மாணவர்கள் ஆண்டுக்கு 776 பவுன் கட்டும் சுகாதாரக் கட்டணமும் அவருக்கு இல்லை.

ஆனாலும் எம்.எஸ்சி.யே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே பணியாற்றிய அனுபவம் இல்லாமல் இந்தியாவிலிருந்தபடியே ‘பேண்ட் 5’ எனப்படும் தொடக்க நிலை அரசு மருத்துவப் பணியிடம் பெறுவது கடினம். படித்து முடித்தவருக்குக் கிடைக்கும் கிராஜுவேட் விசாவில், ஸ்பான்சர் இல்லாமலே முழு நேரம் பணியாற்றலாம். இதுவரை இரண்டு ஆண்டாக இருந்த அதன் காலம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதமாகிறது. பதிவு இல்லாதவர் அந்த மாதங்களில் பெரும்பகுதியைப் பதிவுக்காகக் காத்திருந்தே கழித்துவிடுவார்.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவை முதலில் பெறுவதற்காக, சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கலாமா?

மறுமொழி (பழைய மாணவன்)

தாராளமாகக் கேளுங்கள், ஆனால் ஏஜென்ட் வழியாக அல்ல. சேர்க்கை அலுவலகத்துக்கு நீங்களே மின்னஞ்சல் எழுதி, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். முன்பணம் எதுவும் கட்டியிருந்தால், அது அடுத்த பருவத்துக்குச் செல்லுமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.