மோதல் இல்லாமல் கதை நகருமா? கிஷோதென்கெத்சு பற்றி

நான்காம்கட்டம்:
மேற்கத்தியத் திரைக்கதைப் பயிற்சியில் முதல் கேள்வியே “நாயகனுக்கு என்ன வேண்டும், தடுப்பது யார்?” என்பதுதான். அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் சிட் ஃபீல்ட் 1979-இல் சொன்ன கணக்கில் 120 பக்கத் திரைக்கதையில் 30 அறிமுகம், 60 மோதல், 30 தீர்வு. ஜப்பானின் நான்கு கட்டக் கதையமைப்பான கிஷோதென்கெத்சுவுக்கு அந்தக் கேள்வியே தேவையில்லை. ‘கி’ தொடங்கும், ‘ஷோ’ அதையே வளர்க்கும், ‘தென்’ வேறு பக்கம் திரும்பும், ‘கெத்சு’ இரண்டையும் முடிச்சுப் போடும். ஜப்பானியக் கவிஞர் ராய் சான்யோ (1780–1832) பெயரில் வழங்கும் பாட்டைப் பாருங்கள் (ஊரும் வயதும் பாடத்துக்குப் பாடம் மாறும்):

ஒசாகா நூல்கடைக்காரர் மகள்கள்,
மூத்தவளுக்கு 16, இளையவளுக்கு 14.
நாட்டுப் பிரபுக்கள் வில்லம்பால் கொல்வார்கள்;
நூல்கடை மகள்கள் கண்ணால் கொல்வார்கள்.

மூன்றாம் வரி மகள்களை விட்டுவிட்டு எங்கோ போகிறது. ஏன் போனது என்பது நான்காவதில்தான் விளங்குகிறது.

நோமேடை:
நாலு வரிக்குப் பொருந்துவதை ஜப்பானியக் கதைக்கலை முழுவதன் மேலும் ஏற்றுகிறீர்கள். இது சீன நாலடிப் பாட்டிலிருந்து வந்த இலக்கணம். மேடையின் கணக்கு ஜோ-ஹா-க்யூ. நாடகாசிரியர் செயாமி 1423-இல் எழுதிய ‘சாந்தோ’ என்ற நூலில், ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோவுக்கு ஐந்து பகுதிகள்: ஜோ 1, ஹா 3, க்யூ 1. மெல்லத் தொடங்கி, விரிந்து, விரைந்து முடிவது. அதாவது வேகத்தின் இலக்கணம். தவிர, நாடகாசிரியர் சிகாமாட்சுவின் ‘சோனெசாகி ஷின்ஜூ’ என்ற பொம்மை நாடகத்தில் (1703) நண்பனுக்குக் கடன் கொடுத்து ஏமாந்தவன் காதலியோடு சேர்ந்து சாகிறான். இது மோதல் இல்லையா?

நான்காம்கட்டம்:
மோதல்தான். ஜப்பானில் மோதலே கிடையாது என்று நான் சொல்லவில்லை; அது கட்டாயமில்லை என்கிறேன். யோன்கோமா எனும் நான்கு கட்டச் சித்திரக்கதையில் ஒன்று வரைவதாக வைத்துக்கொள்வோம். 1: சிறுமி குடையோடு கிளம்புகிறாள். 2: மழை வலுக்கிறது. 3: அவளே இல்லை, வழியோரம் ஜிசோ என்ற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலை மட்டும், அதன்மேல் ஒரு குடை. 4: வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறாள்.

புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குவது இரண்டாம் கட்டத்தில். அங்கேயே சிலையைக் காட்டிவிட்டால் மூன்றாவதில் திருப்பம் செத்துவிடும். மூன்றாம் கட்டத்தை விரலால் மூடிப் படியுங்கள். கதை அப்போதும் முழுதாக இருந்தால் ‘தென்’ வேலை செய்யவில்லை.

நோமேடை:
நல்ல சோதனை. ஆனால் அரிஸ்டாட்டிலும் திருப்பத்தைப் பேசியிருக்கிறாரே?

நான்காம்கட்டம்:
அவர் கேட்கும் திருப்பம் முன் நிகழ்ச்சிகளின் விளைவாக வர வேண்டும். ‘தென்’னுக்கு அந்தக் கட்டு இல்லை. காரணம் பின்னால் வந்தால் போதும்.

நோமேடை:
அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் உங்கள் கட்சிக்கு யோன்கோமாவைவிட வலுவான சாட்சி நோவில் இருக்கிறது. ஆவி தோன்றும் ‘முகென்’ வகை நோவில் ஊர் சுற்றும் துறவி முன் உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து பழங்கதை சொல்லி மறைகிறார். பின்பாதியில் அவரே ஆவியாக வருகிறார். துறவி அவரை எதிர்ப்பதில்லை, கேட்கிறார், பிரார்த்திக்கிறார். இதை மூன்று அங்கமாக வெட்டி ‘எதிராளி யார்’ என்று தேடினால் கிடைக்க மாட்டார். நான்காக வெட்டினாலும் சரிவராது என்பதுதான் என் வாதம்: ஆவி வெளிப்படும் இடம் ‘தென்’ போலத் தெரியும், ஆனால் அவர் யார் என்பதை முன்பாதியிலேயே பார்வையாளர் ஊகித்திருப்பார்.