சின்ன டேட்டிங் ஆப்களை மலையகத்தில் பாவிக்கலாமா?

கொழுந்துக்கூடை
எனக்கு 29 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பலருக்குப் பெயர்கூடத் தெரியாத மூன்று சின்ன டேட்டிங் ஆப்களை நான்கு மாதமாகப் பாவித்துப் பார்த்தேன். போன வாரம் இங்கே ஒருவர், "டிண்டரே நம்ம ஊருக்குச் சரிவராது, இதில் இந்தக் குட்டி ஆப் எல்லாம் எதற்கு" என்று எழுதியிருந்தார். அவருக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. நமக்குச் சரிவரக்கூடியது சின்னதுதான்.

பெரிய ஆப் ஒன்றில் ஆறு மாதம் இருந்தேன். எல்ல என்ற சுற்றுலா ஊரில் இரண்டு நாள் தங்கிப் போகும் வெள்ளைக்காரர்கள், ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வந்த கொழும்பு ஆட்கள், ஒரு படம், இரண்டு வரி ஆங்கிலம். அவ்வளவுதான் கிடைத்தது. தமிழில் எழுதினால் படிக்க ஆள் இல்லை.

அப்புறம் வாசிப்பவர்களுக்கான ஒரு சின்ன ஆப்பில் சேர்ந்தேன். அதில் இரண்டு பக்கமும் பத்து மெசேஜ் எழுதிய பிறகுதான் முகம் தெளியும். அதுவரை படம் பனிமூட்டம் மாதிரி. மாவட்டம் கேட்கவில்லை, சாதி கேட்கவில்லை, அப்பா என்ன வேலை என்று கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்: "எதை இரண்டு தடவை வாசித்தீர்கள், ஏன்?" இரவு எல்லோரும் படுத்த பிறகு, சிக்னல் பிடிக்கும் கோயில் மதிலில் போனை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதினேன். வவுனியாவில் இருந்து ஒருவர் பதில் எழுதினார். மூன்று வாரம் பேசினோம். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் குரல் மாறும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்று வாரமாக அந்தப் பேச்சே வரவில்லை.

அதனால் கேட்கிறேன்: வேறு யாராவது இப்படிப்பட்ட ஆப்களைப் பாவித்திருக்கிறீர்களா?

பதுளைவீதி
தங்கச்சி, நான் பதுளை. பத்து வருடமாகக் கொழும்பில் மென்பொருள் வேலை. உங்கள் ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் "சின்னது" என்ற அதே காரணத்துக்காகத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

பல ஆப்கள் நீங்கள் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று மற்றவருக்குக் காட்டும். கொழும்பில் "2 கி.மீ." என்றால் அதற்குள் ஆயிரக்கணக்கான பேர். தோட்டத்தில் "2 கி.மீ." என்றால் தோட்டத்தின் இரண்டு டிவிசன், தொழிலாளர் குடியிருக்கும் நாலைந்து லயம், ஒரு பாடசாலை. அதில் 29 வயது டீச்சர் எத்தனை பேர்?

இன்னொன்று. ஒருவன் கொட்டகலையில் நின்று பார்க்கிறான், 6 கி.மீ. தலவாக்கலையில் நின்று பார்க்கிறான், 3. லிந்துலையில் நின்று பார்க்கிறான், 4. வரைபடத்தில் மூன்று வட்டம் போட்டால் மூன்றும் சந்திக்கும் இடத்தில் உங்கள் வீடு. இது கற்பனை இல்லை. 2013இல் டிண்டரிலேயே இப்படி ஓர் ஓட்டை இருந்தது. தூரத்தை மிகத் துல்லியமாக அனுப்பிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு சரிசெய்தார்கள், 2014இல் விவரம் வெளியே வந்தது. அது பெரிய கம்பனி, ஆள் பலம் உண்டு. மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஆப்பில் அந்த ஓட்டையைத் தேடிப்பார்க்க யார் இருக்கிறார்கள்?

நம் லயங்கள் நிறையவற்றுக்கு இன்றுவரை தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வருகிறது. அந்த வாசலை ஓர் ஆப் சரியாகக் காட்டிக்கொடுக்கும் என்பதுதான் என் பயம்.

பெரட்டு24
நான் டீச்சர் பக்கம்.

எனக்கு 24, பொகவந்தலாவை, வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை. பெரிய ஆப்பில் ஆண்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை. காசு கட்டினால்தான் நம்முடைய படம் முன்னுக்கு வரும். டிண்டர், ஹிஞ்ச், ஓகேகியூபிட் எல்லாம் மேட்ச் குரூப் என்ற ஒரே கம்பனியின் கையில் இருக்கிறது. ஒன்றைவிட்டு ஒன்றுக்கு மாறினாலும் அதே கல்லாப்பெட்டிக்குத்தான் காசு போகிறது. அதனால் வெளியே இருக்கும் சின்னதைத் தேடுவதில் பிழை இல்லை. அமெரிக்காவில் விவசாயிகளுக்கென்றே ஃபார்மர்ஸ்ஒன்லி 2005இல் இருந்து நடக்கிறது. முஸ்லிம்களுக்கு மஸ் இருக்கிறது. இந்தியாவில் ஐல் என்ற கம்பனி 2021இல் மலையாளத்துக்கு அரிகே என்று தொடங்கி, பிறகு தமிழுக்கும் அன்பே என்று ஒன்று கொண்டுவந்தது. நமக்கு மட்டும் ஏன் ஒன்று இருக்கக்கூடாது?

பதுளைவீதி
தம்பி, கணக்குப் பாருங்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 8 லட்சத்துச் சொச்சம், நாட்டில் 4 சதவீதம். அதில் கல்யாணம் ஆகாதவர், தமிழில் எழுத விரும்புகிறவர், டேட்டா போட முடிகிறவர், வீட்டுக்குத் தெரியாமல் போன் பார்க்க முடிகிறவர் என்று கழித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் மிஞ்சும் ஆட்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் தூரத்துச் சொந்தமாக இருப்பார்கள். அப்படி ஓர் ஆப் வந்தால் முதல் வாரத்தில் உங்கள் சித்தப்பா மகன் உங்கள் ப்ரொஃபைலைப் பார்ப்பான்.

ஆடித்தேர்
நான் 52 வயதுக்காரி, மஸ்கெலியா. மகள், உன்னோடு சண்டை பிடிக்க வரவில்லை. ஒன்றுதான் கேட்கிறேன்: அந்த வவுனியாப் பையனைப் பற்றி நீ யாரிடம் விசாரித்தாய்?

என் மூத்தவளுக்கு நோர்வூட்டில் இருந்து ஒரு வரன் வந்தது. என் தம்பி யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனான். கடைவீதியில் டீ குடித்தான், சலூனில் முடி வெட்டினான், கோயில் பக்கம் உட்கார்ந்தான். அந்தி சாய்வதற்குள் பையன் சம்பளத்தை எங்கே கொடுக்கிறான், பின்னேரம் யாரோடு நிற்கிறான், ஏற்கெனவே ஒரு பிள்ளையை ஏமாற்றினானா என்று எல்லாம் தெரிந்துவிட்டது. அந்த வரனை நாங்கள் விட்டுவிட்டோம். உன் ஆப்பில் சலூன் எங்கே இருக்கிறது?

முறையும் பார்க்க வேண்டும். பெயரும் ஊரும் சொல்லாமல் பேசினால் அண்ணன் முறை ஆகிறவனோடு பேசிவிட்டு அழ வேண்டி வரும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே.

கொழுந்துக்கூடை
அம்மா, நீங்கள் சொன்ன விசாரணை எனக்கும் நடந்தது. இரண்டு தடவை. முதல் தடவை வந்தவர்கள் எங்கள் லயத்துத் தண்ணிக் குழாயடியில் நின்ற பெண்களிடம் கேட்டார்கள். நான் சம்பளத்தில் புத்தகம் வாங்குகிறேன், டவுனில் தனியாக நடக்கிறேன், சிரித்துப் பேசுகிறேன் என்று சொன்னார்களாம். பிறகு எந்தக் கூட்டம், அதாவது என்ன சாதி என்று கேட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. இரண்டாவது தடவை அப்பா கொழுந்துத் தராசில் நிற்கிறவர் என்பதே போதுமானதாக இருந்தது. உங்கள் தம்பி சலூனில் கேட்டது உங்கள் மகளைக் காப்பாற்றியது. அதே சலூன்தான் என்னைத் தள்ளிவைத்தது. எனக்கு ஒரு தடவையாவது, யாரும் விசாரிக்காமல், நான் எழுதியதை வைத்து ஒருவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

பதுளைவீதி
அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சாதியைக் கேட்கும் பெட்டி ஆப்பில் இல்லை என்பதால் சாதி இல்லாமல் போய்விடாது. அவருடைய அம்மா நாலாவது வாரம் கேட்பார். மூன்று வாரம் கூடுதலாக நம்பியிருப்பீர்கள், அதனால் வலியும் கூடுதலாக இருக்கும்.

கொழுந்துக்கூடை
இருக்கட்டும் அண்ணா. நாலாவது வாரம் அவர் கேட்டார். நானே சொன்னேன்: தோட்டம், லயம், அப்பா, கூட்டம், எல்லாம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், "வீட்டில் கஷ்டம் வரும், ஆனால் நான் பேசுவதை நிறுத்த மாட்டேன்" என்று எழுதினார். இது கல்யாணத்தில் முடியுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு நாள் யோசிக்க அவருக்குக் காரணம் இருந்தது. முதல் நாளே பெட்டியில் போட்டிருந்தால் யோசித்திருக்கவே மாட்டார்.

சரி, நடந்த இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். மூன்றில் வேறு ஓர் ஆப்பில், வாசலில் நின்று எடுத்த படத்தைப் போட்டிருந்தேன். முகம் பாதிதான் தெரியும். இரண்டாவது நாள் ஒருவன் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லி, "இன்றைக்கு மழையா?" என்று கேட்டான். கை நடுங்கிவிட்டது. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் தோளுக்குப் பின்னால் ஃபெக்டரி. அதன் தகரத்தில் தோட்டத்தின் பெயர் ஆளுயர எழுத்தில். அந்த ஆப்புக்குப் புகார் அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை. பதுளை அண்ணா சொல்வதில் இவ்வளவும் உண்மை.

அட்டன்பனி
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் ஆண், எனக்குப் பிடித்தவர்களும் ஆண்கள்தான். எனக்கு வரன் பார்க்கத் தரகர் இல்லை, விசாரிக்க மாமா இல்லை. எங்களைப் போன்றவர்களின் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஏ பிரிவு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்னதோடு நிற்கிறது. "இந்த ஆப்கள் தேவையா" என்ற கேள்வியை நீங்கள் விவாதிக்கலாம். எனக்கு இருக்கும் ஒரே வழி அதுதான்.

அதனால் பாவிக்கும் விதத்தைச் சொல்கிறேன். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐந்து வருடம் ஆனது. லொகேஷன் அனுமதியில் "துல்லியமான இடம்" என்பதை நிறுத்திவையுங்கள். தூரத்தை மறைக்க வழி இல்லாத ஆப் என்றால் தோட்டத்தில் வைத்துத் திறக்கவே வேண்டாம். நான் ஹட்டன் டவுனுக்கு வந்துதான் திறப்பேன், பஸ் ஏறும் முன் லொக் அவுட் பண்ணிவிடுவேன். ஃபேஸ்புக்கில் போட்ட படத்தை இங்கே போடாதீர்கள், தேடினால் இரண்டு நிமிடத்தில் பெயர் வந்துவிடும். படத்தில் மலை, கோயில் கோபுரம், பாடசாலைச் சட்டை எதுவும் வேண்டாம். வெறும் சுவர் போதும். கட்டாயம் வீடியோவில் ஒரு தடவை பேசிவிட்டுத்தான் சந்திக்க வேண்டும்.

பதுளைவீதி
அட்டன்பனி, உங்களுக்கு இதுதான் வழி என்றால் நான் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சரிபார்க்க வேண்டும் என்று அடையாள அட்டைப் படம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2025 ஜூலையில் அமெரிக்காவில் டீ என்ற ஆப் உடைந்தது. பெண்கள் தாங்கள் சந்திக்கப்போகும் ஆண்களைப் பற்றி ஒருவரையொருவர் எச்சரிப்பதற்கான ஆப். சுமார் 72,000 படங்கள் வெளியே போயின. அதில் 13,000 அளவில், உண்மையான ஆள்தான் என்று நிரூபிக்கப் பெண்கள் அனுப்பிய செல்ஃபிகளும் அடையாள அட்டைகளும். பாதுகாப்புக்கென்று கட்டிய இடத்துக்கே அந்த நிலைமை. நம் அடையாள அட்டையில் முகவரியும் இருக்கிறது. பிறந்த வருடமும் நாளும்கூட அதன் இலக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கோ வெளிநாட்டில் மூன்று பேர் நடத்தும் ஆப்பைத் தலவாக்கலையில் இருந்து யார் போய்ப் பிடிப்பது? என் தங்கைக்கு நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பெரட்டு24
அண்ணா, உங்கள் தங்கையைக் கேட்டீர்களா?

பதுளைவீதி
கேட்கவில்லை. கேட்கிறேன்.

ஆடித்தேர்
மகள், தண்ணிக் குழாயடியில் உன்னைப் பற்றிப் பேசியதை வாசித்துவிட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நாங்களும் அப்படிப் பேசியிருக்கிறோம். என் தம்பி போன நோர்வூட்டிலும் யாரோ ஒரு பிள்ளையின் பெயர் அடிபட்டிருக்கும், நான் அதை யோசிக்கவே இல்லை. ஆனாலும் விசாரிக்காமல் விடாதே. வவுனியாவில் என் நாத்தனார் வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள். சாதி கேட்க மாட்டேன். ஏற்கெனவே கட்டியவனா, குடிக்கிறானா, இரண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொல்கிறேன். உனக்கு விருப்பம் என்றால் தனி மெசேஜில் அவன் பெயரை அனுப்பு. விருப்பம் இல்லை என்றால் விடு.

கொழுந்துக்கூடை
அம்மா, அனுப்புகிறேன். அவரிடம் சொல்லிவிட்டு அனுப்புகிறேன். அவர் என்னைப் பற்றி யாரிடமாவது விசாரித்தால் எனக்குச் சொல்ல வேண்டும் என்று நான்தான் முதலில் கேட்டேன், அதனால்.

மற்ற இரண்டு ஆப்பையும் நேற்று அழித்துவிட்டேன். போனில் இருந்து மட்டும் நீக்கினால் கணக்கு அப்படியே இருக்கும் என்று தெரியாமல் இருந்தேன். உள்ளே போய்க் கணக்கையே அழிக்க வேண்டும். வாசிப்பு ஆப்பில் இருக்கிறேன், லொகேஷனை நிறுத்திவிட்டேன், படத்தை மாற்றி வகுப்பறைச் சுவருக்கு முன்னால் எடுத்ததைப் போட்டேன்.

வருகிற ஞாயிறு கண்டியில் சந்திக்கிறோம். இரண்டு பேருக்கும் தெரிந்தவர்கள் குறைவான ஊர், பகல் நேரம், பேராதனைப் பூந்தோட்டம். தங்கச்சி கூட வருகிறாள். அவள் கொஞ்சம் தள்ளி உட்காருவாள். பெரட்டு தம்பி, பின்னேரம் நாலு மணிக்கு நான் இங்கே ஒரு வரி எழுதுவேன். எழுதவில்லை என்றால் எனக்கு மெசேஜ் போடு.

பெரட்டு24
கடையில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன் டீச்சர்.

பதுளைவீதி
நானும். போகும்போது போனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு போங்கள், தங்கச்சியின் போனையும்.